மெர்பாவ் டெக்குக்கு என்ன பூசுவது: ஆயிலா, ஸ்டெயினா, சீலரா?

வடக்குவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். மெல்பனில் தென்கிழக்குப் பக்கம் இருக்கிறோம். டிசம்பர் கடைசியில் வீட்டுக்குப் பின்னால் புதிதாக டெக் (வெளியே உட்கார, நடக்கப் பலகை அடித்த மரத்தளம்) போட்டு முடித்தார்கள். மெர்பாவ் மரம், 140 மில்லிமீட்டர் அகலப் பலகை, மொத்தம் 40 சதுர மீட்டர் வரும். வடக்கு பார்த்த பக்கம் (இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும்), மேலே கூரை கிடையாது, அதனால் காலையில் விழ ஆரம்பிக்கும் வெயில் சாயங்காலம் வரை நகர்வதே இல்லை.

வேலை செய்தவர் போகும்போது "சீக்கிரம் ஏதாவது ஒரு கோட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நரைத்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதாவது என்றால் எதை? பன்னிங்ஸ் வன்பொருள் கடையில் போய் நின்றால் ஒரு வரிசை முழுக்க டப்பாதான். ஒன்றில் டெக்கிங் ஆயில், பக்கத்தில் டெக் ஸ்டெயின், அதற்குக் கீழே டிம்பர் சீலர், அதிலும் தண்ணீர் அடிப்படையிலானது வேறு, எண்ணெய் அடிப்படையிலானது வேறு. விலையும் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் இன்னொரு தலைவலி. போன வாரம் மழை பெய்தபோது பலகை இடுக்குகளிலிருந்து டிகாஷன் மாதிரி தண்ணீர் வடிந்து, படிக்குக் கீழே உள்ள கான்கிரீட்டில் செம்பழுப்பாகக் கறை பிடித்துவிட்டது. மரம் மட்டமானதா, அல்லது இது இப்படித்தானா?

சித்திரைப் புத்தாண்டுக்கு ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். அதற்குள் முடிக்க வேண்டும். மரத்தின் செந்நிறம் போகக்கூடாது, அம்மா நடக்கும்போது வழுக்கக்கூடாது, வருடா வருடம் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கிற வேலையும் இருக்கக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிரிஸ்பேன்வாசி:

மரம் நல்ல மரம்தான், பயப்படாதீர்கள். மெர்பாவ் என்றாலே சாயம் கக்கும். ஆனால் அது கக்கி முடிக்கும் முன்னால் மேலே எதையும் பூசிவிடாதீர்கள். சாயம் உள்ளிருந்து வெளியே தள்ளும், பூச்சு அங்கங்கே திட்டாகக் கறுக்கும். ஏப்ரலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

உளிக்காரர்:

தம்பி, டப்பாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். சிட்னியில் டெக் போடுவதுதான் எனக்கு வேலை. எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட்" என்றுதான். கேட்க வேண்டியது, இந்த மரம் எவ்வளவு குடிக்கும் என்பதை.

மெர்பாவ் கன மீட்டருக்கு 850 கிலோவை ஒட்டி வரும். ஸ்பாட்டட் கம் என்ற ஆஸ்திரேலிய மரம் இன்னும் கனம், 950க்கு மேல் போகும். கடையில் கிடைக்கும் பதப்படுத்திய பைன் இதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பைனில் ஊற்றினால் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வைரம் பாய்ந்த மரத்தில் அந்த இடமே இல்லை, துவாரங்களில் ஏற்கெனவே பிசினும் சாயமும் அடைத்துக்கொண்டிருக்கும். எனவே இதற்குத் தடித்த கோட் என்பதே கிடையாது. மெல்லிசாகத் தடவ வேண்டும், பதினைந்து இருபது நிமிடம் விட வேண்டும், குடித்தது போக மேலே நிற்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட இடத்தில் பிசுபிசுவென்று நிற்கும், காலில் ஒட்டும், தூசி எல்லாம் அதில் போய் உட்காரும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பூசாவிட்டால் மரம் உளுத்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியத் தரப்பட்டியலில் மெர்பாவ் தரைக்கு மேலான பயன்பாட்டுக்கு முதல் வகுப்பு, அதாவது 40 ஆண்டுக்கு மேல் தாங்கும் என்ற கணக்கு. தரைக்குள் புதைத்தால்தான் அது மூன்றாம் வகுப்பு. ஆக நீங்கள் பூசப்போவது நிறத்துக்காக, மேல்பரப்பு கீறல் விடாமல் இருப்பதற்காக, பலகை ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதற்காக.

டப்பாவின் மேல் என்ன பெயர் இருந்தாலும் பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டே வகை. உள்ளே இறங்குவது ஒன்று, மேலே படலமாக நிற்பது இன்னொன்று. இறங்கும் எண்ணெய் காலப்போக்கில் மங்கும், தேயும், ஆனால் உரியாது. மங்கிய இடத்தைக் கழுவி மறுபடி ஒரு கோட் தடவினால் முடிந்தது. படலம் இருக்கிறதே, அது முதல் வருடம் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உரியத் தொடங்கும். உரிய ஆரம்பித்தால் மேலே மேலே பூச முடியாது, மொத்தத்தையும் சுரண்டி எடுத்தாக வேண்டும். வருடா வருடம் சுரண்ட முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி போதும், பாதி டப்பாக்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன.

நிறம்: மரத்தை நரைக்க வைப்பது மழையைவிட வெயில்தான். மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைகிறது, அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிச்சம் நிற்கும் நார்தான் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. நிறமே இல்லாத தெளிந்த எண்ணெய் இதைத் தடுக்காது. நிறமி கலந்த எண்ணெய்தான் தடுக்கும், பெரும்பாலும் அது இரும்பு ஆக்சைடு, கதிரை அது வாங்கிக்கொள்ளும். எனவே நிறமற்ற டப்பாவை எடுக்காதீர்கள். மெர்பாவ் அல்லது ஜாரா (இங்குள்ள இன்னொரு செந்நிற மரம்) நிறம் கலந்ததை எடுங்கள். மர ரேகை தெரியும், நிறமும் நிற்கும். ரொம்பக் கறுப்பாகவும் போக வேண்டாம், ஜனவரி வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

வடக்குவாசல்:

அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ஒரு சந்தேகம். காரைக்குடியில் எங்கள் தாத்தா வீட்டுத் தேக்குக் கதவில் வார்னிஷ் அடித்து எத்தனையோ வருடம் ஆகிறது, இன்னும் பளபளவென்று நிற்கிறது. அங்கே நிற்பது இங்கே ஏன் நிற்காது?

உளிக்காரர்:

கதவு செங்குத்தாக நிற்கிறது, மழை பட்டாலும் வழிந்துவிடும். பெரும்பாலும் மேலே ஒரு நிலைத்தலையோ முகப்போ இருக்கும். அதன் மேல் யாரும் நடப்பதில்லை, நாற்காலியை இழுப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், கதவில் இரண்டு பக்கமும் பூசியிருக்கிறார்கள்.

டெக் பலகைக்கு அடிப்பக்கம் திறந்து கிடக்கிறது. மண்ணிலிருந்து எழும் ஈரம் அடி வழியாக மேலே வரும். மேலே பாலியுரித்தேன் மாதிரி ஒரு படலம் மூடியிருந்தால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. வெயில் ஏற ஏறப் படலத்தை உள்ளிருந்து தள்ளும், முதலில் ஆணித்தலையைச் சுற்றியும் பலகை முனையிலும் வெள்ளையாகப் பூக்கும், அப்புறம் செதில் செதிலாக வரும். மரம் விரிந்து சுருங்கும் அளவுக்குப் படலம் நீளாது என்பது இன்னொரு காரணம். போன வருடம் ஒரு வீட்டில் பழைய உரிமையாளர் அடித்துவிட்டுப் போன தரை வார்னிஷை எடுத்தோம். மெஷினில் மாட்டிய உப்புத்தாள் சூட்டில் பிசின் பிடித்துப் பிடித்து வீணானது. பலகை போட்ட கூலியைவிட அதைச் சுரண்டின கூலி அந்த வீட்டுக்காரருக்கு அதிகமாகப் பட்டிருக்கும்.

மரத்தை முழுசாக மூடும் பெயின்ட் மாதிரியான ஸ்டெயினும் இதே கதைதான். பழைய பைன் டெக்குக்கு அது சரி. மெர்பாவ் வாங்கிப் போட்டு அதை மறைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

பிரிஸ்பேன்வாசி:

உளிக்காரர் அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் எண்ணெய் என்றதும் எல்லோரும் ஆளிவிதை எண்ணெய் கலந்த பழைய வகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஆளிவிதை எண்ணெய் பூஞ்சைக்குச் சாப்பாடு. நிழல் விழும் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் பரவி, தேய்த்தாலும் போகாது. நான் தண்ணீர் அடிப்படையிலான டெக்கிங் ஆயிலுக்கு மாறிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் காய்கிறது, காலையில் ஒரு கோட், மத்தியானம் ஒரு கோட், சாயங்காலம் பிள்ளைகள் நடமாடலாம். பிரஷைக் கழுவத் தண்ணீர் போதும். வாடையும் குறைவு. எண்ணெய் அடிப்படையிலானது ஒரு கோட் காய 24 மணி நேரம், மெல்பன் வானத்தை நம்பி அவ்வளவு நேரம் திறந்து போட முடியுமா?

உளிக்காரர்:

பூஞ்சை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, பிரிஸ்பேனில் நானும் அதைத்தான் யோசிப்பேன். என் தயக்கம் வேறு. தண்ணீர் வகையில் அக்ரிலிக் என்ற செயற்கைப் பிசின் கலந்திருக்கும், அதனால் எண்ணெய் அளவுக்கு உள்ளே இறங்காது, கொஞ்சம் மேலேயே நிற்கும். இரண்டு மெல்லிய கோட்டோடு நிறுத்துகிறவர்களுக்குப் பிரச்சினை வராது. ஆனால் ஆட்கள் நிறுத்துவதில்லை. டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று மூன்றாவது கோட், அடுத்த வருடம் கழுவாமலேயே மேலே இன்னொன்று. அப்படிச் சேர்ந்து சேர்ந்து அதுவும் ஒரு படலமாகிவிடும், நடைபாதை விழும் இடத்தில் உரியும்.

தம்பிக்கு நான் சொல்வது: முழு வெயில் விழும் டெக், பூஞ்சை பயம் குறைவு. நிறமி கலந்த, பூஞ்சை தடுப்பு சேர்த்த, உள்ளே இறங்கும் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் மட்டுமே உள்ளதை விட்டுவிடலாம், அந்த அளவுக்குப் பிரிஸ்பேன்காரரோடு ஒத்துப்போகிறேன். கட்டெக் எக்ஸ்ட்ரீம் மாதிரி, காய்ந்து தோலாகாமல் மரத்துக்குள்ளேயே தங்கும் எண்ணெய்களும் உண்டு. அதில் நிறம் தனியாக வாங்கிக் கலந்துகொள்ள வேண்டும்.

பிரிஸ்பேன்வாசி:

மூன்றாவது கோட் விஷயம் முழு உண்மை. ஆனால் ஒழுங்காகக் கழுவி இரண்டோடு நிறுத்தினால் தண்ணீர் வகை உரியாது என்பதில் நான் நிற்கிறேன். என் டெக்கே சாட்சி.

பினாங்குக்காரி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே செங்கால், பாலாவ் என்ற இரண்டு மரங்கள்தான் அதிகம். தெரெங்கானுவில் படகு கட்டும் மரம் செங்கால், அந்த அளவுக்கு உறுதி. ஆனால் எங்களுக்கு நாள்தவறாமல் மழை மாதிரி. பூச்சைவிடக் காற்றோட்டம்தான் இங்கே டெக்கைக் காப்பாற்றுகிறது. பலகைக்கு அடியில் காற்று போகாமல் மண்ணை ஒட்டிப் போட்டவர்கள் என்ன பூசினாலும் பலகை ஓரம் தூக்கிக்கொண்டு குழிவாகிறது, மேலே காய்ந்து அடியில் ஊறினால் அப்படித்தான் ஆகும். பலகை இடுக்கில் சேரும் இலைதழையை ஒரு மெல்லிய கம்பியால் எடுத்துவிடுங்கள், அங்கேதான் ஈரம் தங்குகிறது.

வழுக்கலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழுக்குவது பெரும்பாலும் பாசியால், இல்லாவிட்டால் மேலே பளபளப்பாக நிற்கும் பூச்சால். உள்ளே இறங்கும் எண்ணெயைச் சரியாகத் துடைத்துவிட்டால் மரத்தின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். அம்மாவுக்குப் பயமில்லை.

நியூஜெர்சித்தோட்டம்:

எங்கள் பக்கம் இப்பே மரம். பிரேசில் பக்கத்திலிருந்து வருவது, தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு அடர்த்தி. நான் எதுவும் பூசுவதில்லை. நியூயார்க்கில் கோனி ஐலண்ட் கடற்கரை நடைபாதையில் இப்பே பலகை சாம்பல் நிறமாகக் கிடக்கிறது, அதன் மேல் எத்தனை லட்சம் கால்கள் நடக்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை கழுவுகிறேன், முடிந்தது. சாம்பல் நிறம் பிடிக்காவிட்டால்தான் பூச்சு. புதிதாக வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு: அளவுக்கு மீறி வெட்டியதால் இப்பே 2024 நவம்பரிலிருந்து சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டி வரக்கூடாது. இருக்கும் பலகையை நன்றாக வைத்துக்கொள்வது அதனாலும் முக்கியம்.

வடக்குவாசல்:

சாம்பல் நிறமும் ஒரு அழகுதான், மனைவியிடம் காட்டினேன், அவளுக்கு அந்தச் சிவப்புதான் வேண்டுமாம். சரி, உளிக்காரர் அண்ணன் சொன்ன வழியிலேயே போகிறேன். இப்போது வரிசையாகச் சொல்லுங்கள்: எப்போது, எப்படி, எத்தனை லிட்டர்? கான்கிரீட் கறையை என்ன செய்வது?

உளிக்காரர்:

இப்போது மழை வரட்டும், வராவிட்டால் வாரத்துக்கு இரண்டு தடவை ஹோஸ் பைப்பில் நன்றாக நனையுங்கள். சாயம் தானாக இறங்கும். வடிகிற தண்ணீரைக் கவனியுங்கள், செம்பழுப்பிலிருந்து வெளிர்ந்துகொண்டே வரும். மார்ச் வாக்கில் டெக் கிளீனர் போட்டுத் தேய்க்கலாம். ஆக்சாலிக் அமிலம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அது மிச்சச் சாயத்தை இழுத்துக்கொண்டு வரும், அறுக்கும்போது பலகை மேல் படியும் மினுமினுப்பையும் எடுத்துவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம், அது விஷம். செடிகளை முதலில் நனைத்துவிட்டு ஆரம்பியுங்கள், பிள்ளைகளையும் நாயையும் உள்ளே வையுங்கள், கடைசியில் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். சாயத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்றும் பாருங்கள், வெளுத்த சுவர் பக்கம் போனால் அங்கேயும் கறைதான்.

கான்கிரீட் கறைக்கும் அதே ஆக்சாலிக்தான், ஆனால் இப்போது அவசரப்படாதீர்கள், சாயம் கக்கி முடிந்ததும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளலாம். ஓரமாகச் சின்ன இடத்தில் முதலில் தடவிப் பாருங்கள்.

பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்து அடிக்க வேண்டாம். விசிறி மாதிரி விரியும் முனை போட்டு, ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளிப் பிடித்து, மர ரேகை போகும் வாக்கிலேயே போங்கள். கிட்டே பிடித்தால் மென்மையான நாரெல்லாம் பிய்ந்து பலகை மயிர்விட்டு நிற்கும்.

காய்ந்த பிறகு நாலைந்து இடத்தில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் மரம் இன்னும் தயாரில்லை. சில நிமிடத்தில் பரவி உள்ளே இழுத்துக்கொண்டால் பூசலாம். புதுப் பலகை பிடிவாதமாக இழுக்க மறுத்தால் 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளில் லேசாக ஓட்டுங்கள். வழவழப்பாக்குகிறேன் என்று 120க்கு மேலே போனால் துவாரம் அடைபட்டு எண்ணெய் ஏறாது. இரும்பு நார் மட்டும் கொண்டு வராதீர்கள். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுக்குமே, அதே வேதியியல்தான், ஒரு துணுக்கு விழுந்து நனைந்தால் அந்த இடம் கன்னங்கரேல் என்று ஆகும். பக்கத்து வீட்டில் யாராவது கிரைண்டரில் இரும்பு வெட்டினாலும் டெக்கை மூடிவிடுங்கள். திருகாணிகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே? கடலுக்குப் பக்கம் என்றால் 316 தரம்.

பூசும் நாள்: 10 டிகிரிக்கு மேல், 30க்குக் கீழ், அடுத்த நாளும் மழை இல்லை என்று வானிலை சொல்ல வேண்டும். உங்கள் டெக் வடக்கு பார்த்தது, எனவே பலகை சூடேறும் முன் காலையிலேயே ஆரம்பியுங்கள், பனி ஈரம் முழுசாகக் காய்ந்த பிறகு. சூடான பலகையில் எண்ணெய் இறங்கும் முன்னாலேயே மேலே இறுகிவிடும். இரண்டு மூன்று பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், நடுவில் நிறுத்தினால் அங்கே நிறம் கோடாகத் தெரியும். வெட்டுமுனைகளை மறக்காதீர்கள், தண்ணீர் அதிகம் ஏறுவது அங்கேதான், அங்கே இரண்டு மூன்று தடவை தடவலாம்.

அளவு: கனமரத்தில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டருக்கு வரும். உங்கள் 40க்கு ஒரு கோட் 4 லிட்டர், இரண்டுக்கு 8. 10 லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் அடுத்த வருடப் பராமரிப்புக்கும் கொஞ்சம் நிற்கும். அதற்கு முன் சின்ன டப்பா வாங்கி, மிச்சம் கிடக்கும் பலகைத் துண்டில் தடவி வெயிலில் வைத்துப் பாருங்கள். டப்பா மேல் ஒட்டியிருக்கும் நிறத்தை நம்பி மெர்பாவில் பூச முடியாது, பலகைக்குப் பலகை நிறம் மாறும்.

வடக்குவாசல்:

துண்டுகள் கராஜில் நிறைய கிடக்கின்றன. ஜாரா, மெர்பாவ் இரண்டு நிறத்திலும் பூசி வைக்கிறேன். திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான், பில்லைப் பார்த்தேன்.

பினாங்குக்காரி:

யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும், தம்பி. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி கராஜ் மூலையிலோ குப்பைத் தொட்டியிலோ போட்டுவிடாதீர்கள். காற்றில் உலரும் எண்ணெய் உலரும்போதே சூட்டை வெளிவிடும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும், நெருப்பு வைக்கவே வேண்டாம்.

உளிக்காரர்:

அக்கா சொன்னதை முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே தரையிலோ வேலியிலோ விரித்துக் காயவிடுங்கள், விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடலாம். அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமிழ்த்தி வையுங்கள்.

வடக்குவாசல்:

இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கராஜில்தான் கார் சார்ஜரும் இருக்கிறது, அங்கே வைத்திருப்பேன். வேலியில் விரித்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. பூசியபின் அடுத்த தடவை எப்போது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டப்பாவில் ஒரு கணக்கு, கடைக்காரர் ஒரு கணக்கு சொல்கிறார்.

உளிக்காரர்:

அதே தண்ணீர்ச் சொட்டுதான். படியிலிருந்து கதவுக்கு நடக்கும் தடத்தில் விட்டுப் பாருங்கள், அங்கேதான் முதலில் தேயும். தண்ணீர் முத்தாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள். உள்ளே இழுக்க ஆரம்பித்தால் கழுவி, காயவைத்து, ஒரே ஒரு மெல்லிய கோட். உங்கள் வடக்கு வெயிலுக்கு முதல் வருடம் அநேகமாக அடுத்த மார்ச்சிலேயே கேட்கும், அப்புறம் இடைவெளி கொஞ்சம் கூடும். பெரிய பூந்தொட்டிகளை நேராகப் பலகை மேல் வைக்காமல் அடியில் கால் கொடுத்து வையுங்கள்.

பிரிஸ்பேன்வாசி:

துண்டுப் பலகையில் தண்ணீர் வகை ஒன்றையும் சேர்த்துப் பூசி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வையுங்கள். மார்ச்சில் படம் போடுங்கள், அண்ணன் என்ன சொல்கிறார் என்று அப்போது பார்ப்போம்.